எந்தத் தரைமீனை வாங்குவது? கிழங்கான், நாக்கு மீன், நவரை, சங்கரா, திருக்கை: ஓர் ஒப்பீடு

வஞ்சிரமும் வவ்வாலும் பல வீடுகளின் வாரச் செலவுக் கணக்கிலிருந்து விலகிவிட்டன. அந்த இடத்தில் எதை வைப்பது என்ற கேள்வியோடு மீன்கடைக்குப் போகிறவர்கள் கடைசியில் ஐந்து மீன்களுக்கு முன்னால்தான் தயங்கி நிற்கிறார்கள். கிழங்கான், நாக்கு மீன், நவரை, சங்கரா, திருக்கை. குழந்தைக்கு எது, குழம்புக்கு எது, கொடுக்கிற காசுக்கு எது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள்.

இந்த ஐந்தும் கடலின் அடித்தரையை ஒட்டி வாழ்பவை. ஆனால் எல்லாத் தரையும் ஒன்றல்ல. அலை புரளும் கரையோர மணல் வேறு, ஆறு கொண்டுவந்து கொட்டும் சேறு வேறு, பல பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழத்தில் கிடக்கும் மணற்சேறு வேறு. அந்தந்தத் தரைக்கு ஏற்றபடிதான் மீனின் உடல் அமைந்திருக்கிறது. முள் எவ்வளவு, கழிவு எவ்வளவு, எந்த வலையில் வந்தது, எவ்வளவு விரைவில் கெடும் ஆகியவற்றில் பெரும்பகுதியை அந்த உடலே சொல்லிவிடும். ஆகவே விலைப்பலகைக்கு முன்னால் மீனைப் பாருங்கள் என்பதுதான் என் பரிந்துரை.

## முதலில் அளவுகோல்கள்

முள்ளைத்தான் முதலில் வைப்பேன். வீட்டில் சிறு குழந்தையோ வயதானவரோ இருந்தால் மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அடுத்தது, ஆய்ந்தபின் சட்டிக்கு வரும் சதை. கிலோ 400 ரூபாய் என்று வாங்கிய மீனில் தலை, குடல், தோல் போக 600 கிராம் மிஞ்சினால், சதையின் உண்மையான விலை கிலோவுக்கு 667 ரூபாய். கிலோ 500 ரூபாய் மீனில் 800 கிராம் மிஞ்சினால் அது 625 ரூபாய்தான். இரண்டாவது மீனே மலிவு. இந்தக் கணக்கைப் போடாமல் 'விலை குறைவு' என்று முடிவு செய்துவிடுகிறோம்.

மூன்றாவது, மீன் புதியதா பழையதா என்பதை உங்கள் கண்ணாலும் விரலாலும் மூக்காலும் கண்டுபிடிக்க முடிகிறதா என்பது. நான்காவது, சமையல்: குழம்பில் உடையாமல் நிற்குமா, வறுவலில் காய்ந்துபோகுமா.

ஐந்தாவதைப் பலரும் கேட்பதில்லை. எந்த வலையில் பிடித்தது? அடித்தரையை வாரிக்கொண்டு போகும் இழுவை மடி, நாம் வாங்கும் மீனோடு சேர்த்து அதன் குஞ்சுகளையும், அவை உண்ணும் புழு, இறால், நண்டுகளையும் அள்ளிவிடுகிறது. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டம் இயற்றியே தடை செய்தது. பாக் விரிகுடாவின் இரு கரைகளிலும் இத்தனை ஆண்டுகளாக நீடிக்கும் பூசலில் இந்த மடிக்குப் பெரும் பங்கு உண்டு. தரைமீன் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

## கிழங்கான்: கரையோர மணலின் மீன்

நீண்டு உருண்ட உடல், கூம்பிய முகம், சிறிய வாய். முதுகு ஈர மணலின் வெளிர் நிறம், வயிறு வெள்ளி. முதுகில் இரண்டு துடுப்புகள்: முன்னது குட்டையாக, மெல்லிய முட்களோடு; பின்னது வால் நோக்கி நீளமாக ஓடும். சந்தைக்கு வருபவை பெரும்பாலும் 15 முதல் 20 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டரை எட்டியதைக் காண்பது அரிது.

செங்கடலிலிருந்து மேற்குப் பசிபிக் வரை பரவிய மீன் இது. நம் பக்கத்தில் பழவேற்காடு ஏரி, பரங்கிப்பேட்டையின் வெள்ளாற்று முகத்துவாரம், பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என மணல் தரையும் கழிமுகமும் உள்ள இடங்களில் எல்லாம் கிடைக்கிறது. ஆபத்து நெருங்கினால் தலையை முன்வைத்து மணலுக்குள் புதைந்துகொள்ளும். கரைவலை அதன் மேலேயே இழுபட்டுப் போய்விடுவதும் உண்டு. மணலுக்குள் எளிதாக நுழைய வேண்டும் என்பதால்தான் தலை சிறுத்துக் கூம்பியிருக்கிறது. வாங்குகிறவருக்கு அதனால் லாபம்: தலைக்கழிவு குறைவு. மணலில் இருக்கும் புழுக்களையும் சிறு இறால்களையும் தின்று வாழ்வதால் வாயும் சிறிது, குடலும் சிறிது.

சதை வெள்ளை, மென்மை. நடுமுள்ளைப் பிடித்துத் தூக்கினால் சதை இரண்டு பக்கமும் கழன்று வந்துவிடும். விலா முட்கள் மெல்லியவை, ஆனால் இல்லாமல் இல்லை. குழந்தைக்குக் கொடுக்கும்போது வயிற்றுப் பகுதியை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துக் கொடுங்கள். முதன்முதலாக மீன் சாப்பிடத் தொடங்கும் குழந்தைக்கு ஐந்தில் ஒன்றைச் சொல் என்றால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

மறைமுகச் செலவுகள் இரண்டு. ஒன்று, கழிமுகத்தில் வாழும் மீன் கழிமுகத்தின் நிலைமையையும் சேர்த்தே கொண்டுவரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை மறந்துவிட முடியாது. எனவே 'எந்தப் பக்கத்து மீன் அக்கா?' என்று கேட்டு வாங்க வேண்டிய மீன் இது. இரண்டாவது, தும்பிலியோடு குழம்பும் ஆபத்து. தும்பிலியும் உருண்டு நீண்டதுதான், தரையில் கிடப்பதுதான். ஆனால் அதன் வாய் கண்ணுக்குப் பின்னால் வரை கிழிந்து, உள்ளே ஊசிப் பற்கள் நெருக்கமாக இருக்கும். முதுகில் வாலுக்குச் சற்று முன்னால் ஒரு சிறு சதைத்துணுக்கு துடுப்பாக நிற்கும். கிழங்கானில் இவை இரண்டும் இல்லை. தும்பிலியில் பொடிமுள் மிகுதி. குழந்தைக்கென்று வாங்கும்போது மாறிவிட்டால் சிக்கல்.

கிழங்கான் குழம்பில் அதிக நேரம் கொதித்தால் உடைந்துவிடும். புளிக்கரைசல் நன்றாகக் கொதித்து வற்றிய பிறகு போட்டு, சட்டியை ஆட்டிவிட்டு இறக்கிவிட வேண்டும். கரண்டி போடக் கூடாது. வறுப்பதானால் தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் போதும்.

## நாக்கு மீன்: ஒரு பக்கமாக வாழும் மீன்

கடலில் என்னை அதிகம் வியக்க வைப்பது இந்த மீன்தான். முட்டையிலிருந்து வெளிவரும்போது மற்ற எந்த மீனையும் போலவே பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நேராக நீந்துகிறது. வளரத் தொடங்கியதும் வலக்கண் மெல்ல இடம்பெயர்ந்து இடப்பக்கத்துக்கு வந்து சேர்கிறது. அதன்பின் வலப்பக்கம் தரையில் படியப் படுத்தேதான் வாழ்க்கை. மேலே இருக்கும் பக்கம் சேற்றின் பழுப்பு. தரையில் பதியும் பக்கம் வெள்ளை. வளர்ந்த மீனுக்கு மார்புத் துடுப்பே இல்லை. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வாலோடு ஒன்றாகி உடலைச் சுற்றி ஓடுகின்றன. மூக்குப் பகுதி வாய்க்கு மேல் வளைந்து தொங்கும்.

மணலும் சேறும் கலந்த ஆழம் குறைந்த தரை இதற்குப் பிடித்த இடம். கேரளத்தில் இதை மாந்தள் என்பார்கள். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின், செப்டம்பர், அக்டோபரில், மலபார்க் கரைக்கு அருகே பெருங்கூட்டமாகத் திரளும். அந்த மாதங்களில் கேரளத்து மீன் வந்திறங்கும் ஊர்களில் இருப்பவர்கள் இதைத் தேடி வாங்கலாம்.

முள் விஷயத்தில் இதற்கு ஒரு தனி வசதி இருக்கிறது. உடல் தட்டையாக இருப்பதால் முள் முழுவதும் நடுவில் ஒரே தளத்தில் கிடக்கிறது. வறுத்த மீனின் நடுக்கோட்டில் கத்தியை ஓட்டினால் மேலே இரண்டு துண்டு, திருப்பிப் போட்டால் கீழே இரண்டு துண்டு. முள்கூடு அப்படியே தனியாக நின்றுவிடும். ஓரத்துத் துடுப்பு முட்களை மட்டும் முன்பே வெட்டிவிட வேண்டும். கிழங்கான் கிடைக்காத நாளில் குழந்தைக்கு இது நல்ல மாற்று.

செலவு ஆய்வதில்தான் வரும். மேல்தோல் சொரசொரப்பானது, உரிக்காமல் சமைத்தால் வாயில் தட்டும். தலைப்பக்கம் சிறிது கீறி, விரலில் உப்பு தொட்டுப் பிடித்து வால் நோக்கி இழுத்தால் ஒரே உரியாக வந்துவிடும். பழகாதவர்களுக்கு அரைக் கிலோவை உரிப்பதே நெடுநேர வேலை. கடையிலேயே உரித்துத் தரச் சொன்னால் தனிக்கூலி. சிறிய மீன்களாக வாங்கினால் உரித்தபின் மிஞ்சும் சதை மிகக் குறைவு. உள்ளங்கையின் நீளத்துக்குக் குறைந்தவற்றை வாங்காமல் விடுவது உங்களுக்கும் நல்லது, கடலுக்கும் நல்லது.

கண்ணைப் பார்த்து இதன் புதுமையைச் சொல்ல முடியாது. கண் அவ்வளவு சிறியது. திருப்பிப் போட்டு வெள்ளைப் பக்கத்தைப் பாருங்கள். பால்வெள்ளையாக, வழுவழுப்போடு இருந்தால் வாங்கலாம். மஞ்சள் பாய்ந்திருந்தாலோ, விரலால் அழுத்திய குழி மீளாவிட்டாலோ வைத்துவிடுங்கள்.

எருமை நாக்கு என்று பெரிய தட்டைமீன் ஒன்றும் வரும். அது வேறு குடும்பம். பெரிய வாயும் கூரிய பற்களும் கொண்ட வேட்டைக்காரன். கண்கள் இடப்பக்கமும் இருக்கலாம், வலப்பக்கமும் இருக்கலாம். சதை தடிமனாக இருப்பதால் துண்டு போட்டுக் குழம்பு வைக்கலாம். கிடைத்தால் விடாதீர்கள்.

## நவரை

தாடைக்குக் கீழே இரண்டு மீசைகள் இருந்தால் அது நவரை. தென்கடற்கரையில் நகரை என்பார்கள். அந்த மீசைகளில் சுவை உணரும் மொட்டுகள் நிறைந்திருக்கின்றன. மணலையும் சேற்றையும் அவற்றால் துழாவிச் சிறு இறால்களையும் புழுக்களையும் கண்டுபிடிக்கும். தேவையில்லாதபோது தொண்டைக்கடியில் மடக்கிக்கொள்ளும். இளஞ்சிவப்பு உடல், சில வகைகளில் மஞ்சள் கோடுகள், சிலவற்றில் வாலில் கரும்பட்டைகள்.

இதே குடும்பத்து மீனுக்காகப் பண்டை ரோமாபுரிச் செல்வர்கள் பொன்னைக் கொட்டினார்கள். நம் ஊரில் இது இன்னும் எளிய விலைக்கே போகிறது. சதையில் மெல்லிய இனிப்பு உண்டு. குறை என்னவென்றால் உருவம் சிறிது, முள் பிரிக்கப் பொறுமை வேண்டும். செதில் தொட்டாலே உதிரும் என்பதால் ஆய்வது எளிது. ஆனால் அதனாலேயே கடைக்கு வருவதற்குள் பாதிச் செதில் போயிருக்கும். செதில் இல்லை என்பதற்காகப் பழைய மீன் என்று ஒதுக்க வேண்டாம். செவுளையும் வயிற்றையும் பாருங்கள். பெரியவர்கள் மட்டும் உள்ள வீட்டில், வறுவலுக்கு, கொடுக்கும் காசுக்கு இதற்கு ஈடு இந்தப் பட்டியலில் இல்லை.

## சங்கரா

இளஞ்சிவப்பு உடலில் நீளவாக்கில் வெளிர் மஞ்சள் கோடுகள், வாலின் மேல்நுனியில் மஞ்சள் இழை ஒன்று நீண்டிருக்கும். கூட்டமாக, மணற்சேற்றுத் தரையை ஒட்டி, ஏறத்தாழ 5 முதல் 80 மீட்டர் ஆழத்தில் திரியும். விசைப்படகுகளின் இழுவை மடியில் அதிகம் சிக்குவது இந்த இனம். மீன்கூழ் செய்து ஏற்றுமதி செய்யும் ஆலைகளுக்கும் இதுவே முக்கியச் சரக்கு.

எங்கும் கிடைப்பது, குழம்புக்கும் வறுவலுக்கும் பொருந்துவது, சதை மென்மையானது. தலை பெரிது என்பதால் கழிவு கிழங்கானைவிட அதிகம். தலையைக் குழம்பில் போடும் வீடுகளுக்கு அது கழிவே அல்ல. முள் நடுத்தரம்.

இதில் கவனிக்க வேண்டியது நாள்கணக்கு. பல நாள் தங்கிப் பிடிக்கும் படகுகளில் முதல் நாள் மீனும் கடைசி நாள் மீனும் ஒரே ஐஸ் அறையில் கிடக்கும். மஞ்சள் கோடு தெளிவாகத் தெரிந்தால் புதியது. கோடு மங்கி உடல் வெளுத்திருந்தால் முந்திய நாள்களின் சரக்கு. கண் பிதுங்கியிருப்பதையோ, இரைப்பை வாய்வழி வெளியே வந்திருப்பதையோ பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கும்போது உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை விரிவதால் அப்படி ஆகிறது, கெட்டுப்போனதற்கான அடையாளமல்ல.

விரல் நீளச் சங்கராவைக் குவித்து மலிவாக விற்பார்கள். அதை மட்டும் வாங்காதீர்கள். கேரளத்தில் 12 சென்டிமீட்டருக்குக் குறைந்த சங்கராவைப் பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நாமும் அதே அளவைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

## திருக்கை

எலும்பே இல்லாத மீன். உள்ளே இருப்பதெல்லாம் குருத்தெலும்பு. அகன்று தட்டையான உடல், சாட்டையாக நீளும் வால், வாலில் நஞ்சுள்ள முள். வாயும் செவுள் பிளவுகளும் அடிப்பக்கம், கண்கள் மேலே. மணலில் புதைந்து கிடக்கும்போது வாயால் நீரை இழுத்தால் மணலும் சேர்ந்து வந்துவிடும் என்பதால், கண்ணுக்குப் பின்னால் இருக்கும் துளைகள் வழியாக நீரை உள்ளிழுத்து மூச்சு விடுகிறது. வால்முள்ளைப் பெரும்பாலும் இறங்குதளத்திலேயே வெட்டிவிடுவார்கள். முழு மீனாக வாங்குகிறவர்கள் அது போயிற்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொண்டையில் சிக்கும் முள் இல்லை, சதை கெட்டி, குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் உடையாது, பூண்டும் மிளகும் சேர்த்தால் தனிச்சுவை. முள் பயத்தால் மீனையே விட்டுவிட்ட முதியவர்கள் நிம்மதியாகச் சாப்பிடக் கூடியது. அவித்து உதிர்த்துப் புட்டும் செய்யலாம்.

ஆனால் இதன் உடலில் யூரியா இயல்பாகவே மிகுதி. கடலின் உப்பை ஈடுகட்ட இந்த இனமும் சுறாவும் கண்ட வழி அது. மீன் செத்தபின் அந்த யூரியா சிதைந்து அம்மோனியாவாக மாறும். மூக்கில் சுருக்கென்று ஏறும் வாடை வந்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். எந்த மசாலாவும் அதை மறைக்காது. துண்டு போட்டு வைத்திருப்பதால் கண்ணையும் செவுளையும் பார்க்க வழியில்லை. மூக்கு ஒன்றுதான் துணை. தோலின் சொரசொரப்பை நீக்க வெந்நீர் ஊற்றிச் சுரண்டும் வேலையும் இருக்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. மற்ற நான்கும் முட்டைகளை ஆயிரக்கணக்கில் இடுபவை. திருக்கை குட்டி போடும். ஓர் ஈற்றில் சிலவே. வளர்ந்து இனம் பெருக்கும் வயதை எட்டவும் ஆண்டுகள் ஆகும். இழுவை மடி வாரிக்கொண்டு போகும் வேகத்துக்கு இந்த இனத்தால் ஈடுகொடுக்க முடிவதில்லை. இதன் உறவான, ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மீன் நம் கடலில் அரிதாகிப்போய், 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டது. ஆகவே திருக்கையை வாரந்தோறும் வாங்கும் மீனாக வைக்காமல், தேவை வந்தால் மட்டும் வாங்கும் மீனாக வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளை பெற்ற தாய்க்குத் திருக்கையும் பால்சுறாவும் தேடுவது நம் வழக்கம். சுறாவில் பாதரசம் சேரும் என்பதால் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதைத் தவிர்க்கும்படி உணவு அறிவுரைகள் சொல்கின்றன. பூண்டு, மிளகு போட்ட அதே குழம்பைக் கிழங்கானில் வைத்துக் கொடுக்கலாம்.

## ஒரே பார்வையில்

| மீன் | வாழும் தரை | முள் | ஆய்தலும் கழிவும் | புதுமைக்குப் பார்க்கும் இடம் | உகந்த சமையல் |
|---|---|---|---|---|---|
| கிழங்கான் | கரையோர மணல், கழிமுகம் | குறைவு | எளிது, கழிவு குறைவு | கண், வயிற்றின் உறுதி | மெல்லிய குழம்பு, வறுவல் |
| நாக்கு மீன் | ஆழம் குறைந்த மணற்சேறு | ஒரே தளத்தில், எடுக்க எளிது | தோலுரிக்கும் வேலை | அடிப்பக்க வெண்மை | வறுவல் |
| நவரை | மணல், சேறு | பொறுமை வேண்டும் | எளிது, உருவம் சிறிது | செவுள், வயிறு | வறுவல் |
| சங்கரா | 5 முதல் 80 மீட்டர் மணற்சேறு | நடுத்தரம் | தலை பெரிது | மஞ்சள் கோடு | குழம்பு, வறுவல் |
| திருக்கை | மணலில் புதைந்து | குருத்தெலும்பு மட்டும் | தோல் சுரண்டும் வேலை | வாடை | குழம்பு, புட்டு |

## எந்த நிலைமைக்கு எது

குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கிழங்கான். அது கைக்கு எட்டாத விலையில் இருந்தால், தோலுரித்த நாக்கு மீன். விருந்தாளிகள் பலர் வருகிறார்கள், ஒரு பெரிய சட்டிக் குழம்பு வேண்டும் என்றால் சங்கரா. வறுவல் மட்டும் போதும், செலவு கையைக் கடிக்கக் கூடாது என்றால் நவரை. பல் இல்லாத, முள்ளுக்குப் பயப்படும் முதியவர் ஆசைப்பட்டுக் கேட்டால் திருக்கை.

வலையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்குக் கிழங்கான்தான் பாதுகாப்பான தேர்வு. நாட்டுப்படகுகளின் சிறு வலைகளிலும் கரைவலைகளிலும் கணிசமாகக் கிடைப்பது அது. மற்றவை இழுவை மடியில் வரும் வாய்ப்பே அதிகம்.

நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஏப்ரல் பாதியிலிருந்து மே இறுதிவரை சென்னையில் விற்கும் சங்கரா மேற்குக் கரையிலிருந்து வந்திருக்கலாம்; பயண நாள்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூன் 1 முதல் 14 வரை இரண்டு கரைகளிலும் தடை. அந்த இரண்டு வாரம் 'இன்றைக்கு வந்தது' என்று சொல்லி விற்கும் சங்கரா பெரும்பாலும் குளிர்கிடங்குச் சரக்காகவே இருக்கும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லாததால் கிழங்கான் மட்டும் கரைக்கு வந்துகொண்டிருக்கும். வரத்துக் குறைவதால் விலை ஏறியிருக்கும். அந்த நாள்களில் ஒரு கிலோ சங்கராவுக்குப் பதில் அரைக் கிலோ கிழங்கான் வாங்குவதையே நான் சொல்வேன்.